மெந்தோசாவில் மூன்று ராத்திரி

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் எவரிஸ்தோ தன் மனைவியிடம் ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. சொல்லாமல் இல்லை. ஒழுங்காகச் சொன்னதில்லை. வாயைத் திறந்த மூன்றாவது நிமிஷம் பிடிபட்டுவிடுவார். அதனால் இந்தத் தடவை பொய்யே சொல்லாமல் காரியத்தைச் சாதிப்பது என்று சபதம் எடுத்துக்கொண்டார்.

காரியம் இதுதான். முப்பதாவது கல்யாண நாளுக்கு நெலிதாவை மெந்தோசாவுக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ராத்திரி. கொஞ்சம் நகரம், கொஞ்சம் ஒயின் தோட்டம். எங்கே எத்தனை ராத்திரி தங்குவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. ரொசாரியோவில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் மனிதருக்கு இது பெரிய வாக்குத்தான்.

வாக்குக் கொடுத்த மறு வாரம் ஆட்ட அட்டவணை வந்தது. அவர் ரசிகராக இருக்கும் முவெயே கால்பந்து அணி இருபத்திரண்டு வருஷமாக இரண்டாம் டிவிஷனில் உருண்டுகொண்டிருக்கிறது. மேலே ஏறுமா, ஏறாதா என்று தீர்மானிக்கும் கடைசி ஆட்டம் அதே சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. எங்கே? மெந்தோசாவில்! கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று எவரிஸ்தோ கடையிலேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார்.

ஆனால் வெளியூர் ரசிகனை மைதானத்துக்குள் விட மாட்டார்கள். அது ஊரறிந்த சட்டம். பக்கத்து வீட்டு அன்செல்மோதான் மெந்தோசாவில் இருக்கும் தன் மச்சான் மூலமாக, பேர் போடாத சீட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஒன்றே ஒன்று. உள்ளூர்க்காரன் மாதிரி உள்ளூர்க் கூட்டத்துக்கு நடுவில் உட்கார வேண்டும். முவெயே கோல் போட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தோலை உரித்துவிடுவார்கள். அதற்காக எவரிஸ்தோ ஒரு வாரமாகப் பழைய கோல்களைப் போட்டுப் பார்த்து, கையால் வாயைப் பொத்திப் பயிற்சி எடுத்தார்.

"பல் வலியாங்க?" என்று கேட்டாள் நெலிதா.

"லேசா."

"கோல் விழும்போது மட்டும் வலிக்குதா?"

எவரிஸ்தோவுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அவள் சீப்பை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். முன்னறையில் அவள் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறாள். கால்பந்து என்றால் அவளுக்கு ஆகாது என்பது எவரிஸ்தோவின் முடிவு. ஞாயிற்றுக்கிழமை அவர் மைதானத்துக்குப் போனால் அவள் பின்கட்டில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு இஸ்திரி போடுவாள். கல்யாண நாள் பயணத்தில் ஒரு சாயங்காலத்தைப் பந்துக்குத் தாரை வார்த்தது தெரிந்தால் அவர் தொலைந்தார். ஆகவே சனிக்கிழமை அவர் நகரத்தில் இருக்க வேண்டும். அவளே அதைச் சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும்.

இதற்கு அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. அவர் எதைச் சொன்னாலும் நெலிதா அதற்கு நேர்மாறாகச் சொல்வாள். அவர் நீலப் பெயின்ட் என்றார். வீடு மஞ்சளாக நிற்கிறது. அவர் நாய் வளர்க்கலாம் என்றார். வீட்டில் மூன்று பூனைகள். எனவே, நகரம் வேண்டுமென்றால் தோட்டத்தைப் புகழ வேண்டும்.

காலையில் மாத்தே என்ற இலைத் தேநீர் குடிக்கும்போது ஆரம்பித்தார். அவர் வெந்நீர் ஊற்றிக் குடுவையை நீட்ட, அவள் குழலை வாயில் வைத்து உறிஞ்சினாள்.

"நெலி, பேசாம மூணு ராத்திரியும் அந்தப் பள்ளத்தாக்குல தோட்ட வீட்டுலயே தங்கிடலாமா? எதிர்ல பனிமலை, சுத்தியும் திராட்சைக் கொடி. சிட்டியில என்ன இருக்கு? புகையும் சத்தமும்."

"சரிங்க."

"என்ன சரி?"

"தோட்டமே சரி. மூணு ராத்திரியும்."

எவரிஸ்தோ வெந்நீரைத் தன் தொடையில் ஊற்றிக்கொண்டார்.

அன்று முழுக்க அவருக்கு ஒரு பூட்டும் திறக்கவில்லை. முப்பது வருஷமாக மேற்கே உதித்த சூரியன் இன்று எதற்காகக் கிழக்கே உதிக்க வேண்டும்? சாயங்காலம் அடுத்த அம்பை எடுத்தார்.

"நெலி, விசாரிச்சேன். அந்தத் தோட்ட வீடு பச்சைச் செங்கல்லாம். சுடாத மண்ணு. மெந்தோசாவுல பூமி எப்ப ஆடும்னு யாருக்குத் தெரியும்? ஆடினா நம்ம தலையிலதான் கூரை. சிட்டி ஹோட்டல்னா கான்கிரீட்டு."

"ஐயோ, ஆமாங்க. உயிரைவிடவா பனிமலை பெரிசு? மூணு ராத்திரியும் சிட்டியிலேயே போட்டுடுங்க."

ஜெயித்துவிட்டார்! எவரிஸ்தோ மார்பை நிமிர்த்திக்கொண்டு கொல்லைப்புறம் போனார். வேலி வரை போவதற்குள் மார்பு இறங்கிவிட்டது. மூன்று ராத்திரியும் நகரத்தில் என்றால் அவளும் நகரத்தில்தானே இருப்பாள்? சனிக்கிழமை ஐந்து மணிக்கு எப்படி நழுவுவது? வேலிக்கு அந்தப் பக்கம் அன்செல்மோ தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொன்னேன், சரின்னுட்டாய்யா. மாத்திச் சொன்னேன், அதுக்கும் சரின்னுட்டா. எனக்குத் தலை சுத்துது."

"எந்த மாதிரி சரி?"

"சரியில எத்தனை மாதிரி இருக்கு?"

"கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு, இது தெரியாதா உமக்கு? கண்ணைப் பாத்துச் சொன்னாளா, தரையைப் பாத்துச் சொன்னாளா?"

"பூனையைப் பாத்துச் சொன்னா."

அன்செல்மோ யோசித்தார். தண்ணீர் தக்காளியைத் தாண்டி அவர் செருப்புக்குள் போயிற்று. "பூனையைப் பாத்தா... எனக்கும் புரியலை. விடும். சனிக்கிழமை அவளை மட்டும் தோட்டத்துக்கு அனுப்பும். நீர் ஞாயித்துக்கிழமை போய்ச் சேரும். பிரிஞ்சு தங்கினாத்தான் பிழைப்பீர்."

சபதம் நாலு நாள் தாங்கியதே பெரிது. ஐந்தாம் நாள் எவரிஸ்தோ பொய் சொன்னார். மெந்தோசாவில் ஒரு கிழவர் பழைய பூட்டுகளை விற்கிறார், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் கதவைத் திறப்பார், அவளுக்கு அலுப்பாக இருக்கும், ஆகவே அவள் தோட்டத்துக்கு முன்னால் போய் ஹாயாக இருக்கலாமே என்றார். சொல்லி முடித்துவிட்டு மூன்று நிமிஷம் எண்ணினார்.

"நான் தனியாவா?"

"ஒரே ஒரு ராத்திரி."

"பச்சைச் செங்கல்லுன்னீங்களே?"

"அது... மறுபடி விசாரிச்சேன். சுட்டதாம்."

"பாவம், உங்களுக்குத்தான் எவ்வளவு அலைச்சல்! நீங்க பூட்டைப் பாருங்க. தோட்டத்துக்கு நானே போன் பண்ணிப் பேசிக்கிறேன்."

இப்படி ஒரு மனைவியையா ஏமாற்றுகிறோம் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலக்கத்தோடு கலக்கமாகச் சீட்டை நாலாக மடித்து, மாத்தே இலை வைக்கும் தகர டப்பாவில், இலைக்கு அடியில் புதைத்தார். அந்த டப்பா இருக்கும் தோல் பையை அவர் தோளை விட்டு இறக்குவதே இல்லை. தூங்கும்போது தவிர.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மெந்தோசா வந்து, மைதானத்துக்குக் கால்மணி நடையில் இருந்த ஹோட்டலில் தங்கினார்கள். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தோட்டத்து வேன் வந்தது.

"ஏங்க, பெட்டி கனமா இருக்கு. என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு இதே வேன்ல திரும்பிடுங்களேன். ரெண்டரைக்குக் கிளம்புதாம். நாலுக்கெல்லாம் சிட்டிக்கு வந்துடலாம். பூட்டுக்காரர் அஞ்சுக்குத்தானே?"

அஞ்சு என்று அவர் சொன்னாரா? சாயங்காலம் என்றுதானே சொன்னார்? ஞாபகம் வரவில்லை. கட்டின பெண்டாட்டியின் பெட்டியைக்கூடத் தூக்க மாட்டேன் என்றா சொல்வது? ஏறிவிட்டார்.

தோட்டத்தில் இறங்கியதும் சாப்பாடு. சின்னச் சின்னதாக ஐந்து தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கிளாஸ் ஒயின். ரெமெதியோஸ் என்று தோட்டத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்று, "மோந்து பாத்து என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க, ஐயா" என்றாள்.

எவரிஸ்தோவின் நினைப்பு முழுக்க வேன் மேல் இருந்தது. "டீசல்" என்றார்.

ரெமெதியோஸ் கிளாஸைத் தானே ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

நாலாவது தட்டில் நெலிதா எழுந்தாள். "வெயில் தலையைப் பிளக்குது. நான் அறையில கொஞ்சம் சாயறேன். நீங்க சாப்பிட்டுட்டு மறக்காம வேனைப் பிடிங்க." போகிறபோது அவர் நெற்றியில் ஒரு முத்தமும் கொடுத்தாள். எவரிஸ்தோவுக்கு இதுவும் புரியவில்லை. பகலில் முத்தம் கொடுத்து இருபது வருஷம் இருக்கும்.

இரண்டரைக்கு இரண்டு நிமிஷம் முன்னதாகவே வாசலுக்கு ஓடினார். வாசலில் புழுதிதான் இருந்தது.

"வேன் எங்கம்மா?"

"போயிடுச்சே ஐயா. அம்மா ஏறினதும், எல்லாரும் ஏறியாச்சுன்னு சொன்னாங்க" என்றாள் ரெமெதியோஸ்.

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான்."

"அவ அறையில தூங்குறாம்மா!"

"தூங்கப் போறது நீங்கன்னு சொன்னாங்களே. ரெண்டு வாரம் முன்னாடியே போன்லயும் சொன்னாங்க, ஐயா பேருல ஒரு ராத்திரின்னு."

எவரிஸ்தோ புழுதிக்குள் நாலடி ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அடுத்த வேன்?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு."

"டாக்சி?"

"கிராமத்துல ஒருத்தர் இருக்காரு. மதியத் தூக்கத்துல இருப்பாரு. ஆறு மணிக்கு முன்னாடி எழுப்பினா அடிக்க வருவாரு."

"டிவி? டிவியாவது இருக்கா?"

"இங்கே டிவி, ரேடியோ ரெண்டும் கிடையாதுங்க. அம்மாகூட ரெண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டாங்க."

எவரிஸ்தோ தோல் பையைத் திறந்தார். டப்பாவைத் திறந்தார். இலையை மேஜை மேல் கொட்டி விரலால் கிளறினார். சீட்டு இல்லை. அடியில் ஒரு கொண்டை ஊசி இருந்தது. இதை வைத்து எந்தப் பூட்டையும் திறக்கலாம் என்று கல்யாணமான புதிதில் அவளுக்குக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான்.

தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் போனில் சிக்னல் இரண்டு கோடு கிடைக்கும் என்றார்கள். ஏறினார். ஐந்து மணிக்கு அடித்தார், எடுக்கவில்லை. ஐந்தரைக்கு அடித்தார், எடுக்கவில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, முப்பத்தேழாவது தடவை, எடுத்தாள். பின்னால் மேளம் இடிபோல முழங்கியது.

"எங்கே இருக்கே?"

"மெதுவாப் பேசுங்க. சுத்தி அத்தனை பேரும் மெந்தோசாக்காரங்க. பதினாலாவது வரிசை, ஒன்பதாம் நம்பர்."

"அது என் நாற்காலி!"

"ஆமா. முன்னாடி ஒரு தூண் பாதி கோலை மறைக்குது. வாங்கறதுதான் வாங்கினீங்க, நல்ல இடமாப் பாத்து வாங்கக் கூடாதா?"

"சீட்டு விஷயம் உனக்கு எப்படி..."

"அன்செல்மோ பொண்டாட்டி இர்மாவுக்குத் தலைக்குச் சாயம் பூச ஒரு மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரம் அவ எதைத்தான் சொல்லாம இருப்பா?"

"உனக்குத்தான் ஃபுட்பாலே பிடிக்காதே!"

"யார் சொன்னா?"

எவரிஸ்தோ யோசித்தார். யாரும் சொல்லியிருக்கவில்லை.

"முப்பது வருஷமா பின்கட்டு ரேடியோவுல நான் என்ன கேட்டேன்னு நினைச்சீங்க, ராசி பலனா? கல்யாணமான புதுசுல என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். 'கூட்டம் ஜாஸ்தி, அடுத்த ஞாயிறு பாக்கலாம்'னீங்க. நானும் ஒவ்வொரு ஞாயிறா எண்ணிப் பாத்தேன். வரலை. சனிக்கிழமை வந்தது, பிடிச்சுக்கிட்டேன்."

"நெலி, ஸ்கோர்? ஸ்கோரைச் சொல்லு!"

"முட்டைக்கு முட்டை. இப்படியே முடிஞ்சா இன்னொரு வருஷம் கீழேதான். இருங்க, நம்ம பையன் ஓரமா ஓடறான்..."

மேளம் நின்றது. ஒன்றுமே கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதென்று எவரிஸ்தோ போனைத் தட்டினார், குலுக்கினார், தொட்டியின் விளிம்புக்கு நகர்ந்து தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். போனில் இரண்டு கோடும் அப்படியே இருந்தன.

"நெலி! இருக்கியா? என்னாச்சு? ஏன் இவ்வளவு அமைதி?"

இருபதாயிரம் பேர் மூச்சுவிடாமல் இருந்த அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. அது நடுங்கியது. அழுகையா, சிரிப்பா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"விழுந்துடுச்சுங்க."

"யாரு விழுந்தா?"

"கோலுங்க! நம்ம கோல்! நாம மேல போறோம்!"

எவரிஸ்தோவின் கை தானாக எழுந்து அவர் வாயைப் பொத்தியது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக விரல் மேல் வழிந்தது.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? எனக்குத்தான் இங்கே வாயைத் திறக்க வழியில்லை. நீங்களாவது எனக்கும் சேர்த்துக் கத்துங்க. எவ்வளவு கத்தினாலும் ஏன்னு கேக்க நாலு மைலுக்கு ஆள் கிடையாதுன்னு விசாரிச்சுத்தானே உங்களுக்கு அந்த இடத்தைப் போட்டேன்!"