கண்ணாலே எடை போடுகிறவன்

முப்பத்தெட்டுக் குச்சி மிட்டாய். தராசு என்கிற பத்து வயதுப் பையன், மூட்டை என்கிற பத்து வயதுப் பெண்ணுக்குப் பட்ட கடன் அது. அவன் அதைக் கடன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. உபகாரம் என்றான்.

உலகத்தில் கண்ணாலேயே ஆளை எடை போடுகிற ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாக்கு தூக்கியே மூன்று மாடி வீடு கட்டியவன் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் என்னை வைத்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனாலும் எடையைப் பற்றி எனக்குப் பாடம் சொல்ல இன்னும் ஒருத்தன் பிறந்து வரவேண்டும். அப்பேர்ப்பட்ட நானே ஒரு சாக்கை முதுகில் ஏற்றிப் பார்த்துத்தான் கனம் சொல்வேன். இந்த இனத்துக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. ஒரு பார்வை. தீர்ப்பு.

தராசு அந்த இனத்தின் குட்டி. ஏழு மாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் வைத்தவன் அவன்தான்: ஒல்லியாக இருந்தவன் ஊசி, பல் விழுந்தவன் ஓட்டை, கன்னம் உப்பிய பெண் மூட்டை. அவனுக்குத் தராசு என்று வைத்தது யார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. மூட்டை உட்கார்ந்தால் பெஞ்சைத் தடவி ஆறுதல் சொல்வான், அவள் ஓடினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலநடுக்கம் என்பான், விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது எல்லாரையும் எடுத்து முடித்துவிட்டு அவளை மட்டும் மீதிச் சில்லறை போலத் தள்ளிவிடுவான், அவள் முகம் வாடினால் உடனே தோளில் தட்டி, சும்மா தமாஷ்தானே என்பான். தமாஷ் யாருக்கு? அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த பார்வை தங்கள் மேல் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் அவனே கண்டுபிடித்த வித்தையா? வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அப்பா தன் மேலாளரின் தொப்பையைப் பரிமாறுவார். அம்மா கல்யாண ஆல்பத்தைப் பிரித்து, சொந்தக்காரப் பெண்களை ஒவ்வொருத்தியாக எடைமேடையில் ஏற்றி இறக்குவாள். கேட்டுக்கொண்டே சாப்பிடுகிற பிள்ளைக்குச் சோறு மட்டுமா உள்ளே போகும்?

மூட்டையின் அம்மா தினமும் பையில் ஒரு குச்சி மிட்டாய் வைத்து அனுப்புவாள். பள்ளி விட்டதும் தராசு கையை நீட்டுவான்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். குடு, நான் தின்னு தொலைக்கிறேன்."

அவள் நல்லதை அவன் லிஃப்டில் நின்று சப்பிச் சப்பி முடிப்பான். குச்சியை லிஃப்டுத் தரையின் மூலையில் இருந்த வெடிப்புக்குள் சொருகிவிடுவான். குப்பையைக் கீழே போடாத ஒழுக்கமான பையன்.

அந்த லிஃப்டில் ஆறு பேர் ஏறலாம் என்று பலகை இருந்தது. பிள்ளைகளும் ஆறே பேர்தான். ஆனாலும் கொஞ்ச நாளாக, ஆறு பேரும் ஏறியதும் அது கீயென்று கத்த ஆரம்பித்தது. தராசு பலகையைப் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்தான். அவள் இறங்கினாள், சத்தம் நின்றது. இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து லிஃப்ட் கத்தினால் அவள் இறங்கி ஏழு மாடி நடப்பது சட்டமாகிவிட்டது. படி ஏறினா உடம்புக்கு நல்லது என்று அவன் கதவு மூடும் வரை அவளுக்குச் சொல்லி அனுப்புவான்.

ஒரு நாள் அவள் இறங்கிய பிறகும் லிஃப்ட் கத்தியது.

தராசின் கண் சும்மா இருக்குமா? மூட்டை நின்ற இடம் காலி. கண் அடுத்த கன்னத்தைத் தேடியது. ஓட்டையின் மேல் போய் நின்றது. நேற்றுவரை விழுந்து விழுந்து சிரித்த ஓட்டை, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இறங்கினான். மூட்டை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தராசைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு மெக்கானிக் வர்றாராம். தப்பு என் மேலன்னு அவர் சொன்னா, இனிமே நான் லிஃப்ட் பக்கமே வரமாட்டேன். இல்லன்னா, நீ தின்ன ஒவ்வொரு மிட்டாய்க்கும் ஒரு காசு."

தராசு புது மட்டை வாங்க நாற்பது காசு சேர்த்து வைத்திருந்தான். தோற்கிற பந்தயமா இது? எல்லார் முன்னாலும் கையடித்துக் கொடுத்தான். மெக்கானிக் வரப்போகிற நாளில் சீக்கிரமே எழுந்து தலை சீவினான்.

மெக்கானிக் லிஃப்டைச் சற்று மேலே நிறுத்தி, அடியில் புகுந்து வெகுநேரம் உருட்டினார். வெளியே வந்தபோது எண்ணெய்க் கையில் ஒரு கத்தை குச்சி.

"எடை பார்க்கிற சுவிட்ச் கீழதான் இருக்கு. இதெல்லாம் அதுல போய் அடைச்சுக்கிட்டிருக்கு. எந்தப் புண்ணியவான் வேலைப்பா இது?"

ஐந்து ஜோடிக் கண்கள் தராசை எடை போட்டன. ஜன்மத்தில் முதல் தடவையாக அவன் தட்டில் உட்கார்ந்தான். அது எவ்வளவு குறுகலான தட்டு என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மூட்டை குச்சிகளை வாங்கித் தரையில் பரப்பி எண்ணினாள். முப்பத்தெட்டு.

காசு ஏழாம் மாடியில், அவன் அலமாரியில். சுவிட்சை மாற்றும் வரை லிஃப்ட் ஓடாது. ஆறு பேரும் படியேறினார்கள். தராசு மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்தான், ஐந்தாம் மாடியில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் நடந்தும் மூட்டைக்கு உடம்பு இளைக்கவில்லை. ஆனால் மூச்சும் இளைக்கவில்லை. அவள் மேலே அவன் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தராசு, வர்றியா? தூக்கிட்டு வரட்டுமா?" என்று மேலிருந்து கேட்டாள். அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவனுக்கு அப்போது புரிந்தது.

கதை புரிந்தது, நான் அந்த இனம் இல்லை என்கிறீர்களா? நல்லது. மூட்டை எத்தனை கிலோ என்று நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் படிக்கும்போதே உங்கள் மனது ஒரு எண்ணைப் போட்டு வைத்திருக்குமே? இருந்தால் நீங்களும் ஒரு காசு எடுத்து வையுங்கள்.

தராசு ஏறி வந்து, டப்பாவைக் கொண்டு வந்து, மூச்சு வாங்க வாங்க ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான். முப்பத்தெட்டாவது காசும் அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவள் கையை மூடாமல் உங்கள் பக்கம் நீட்டினாள்.