குபாத் அண்ணனின் கறுப்பாடும் என் அறிக்கையும்

அன்பும் மரியாதையும் மிக்க ஸாயிரா அக்காவுக்கு,

நரினிலிருந்து தம்பி எசென் சலாம் சொல்லி எழுதுவது. நானும் என் மனைவி குல்பாராவும் நலம். அத்தானின் முட்டுவலி குறைந்த சேதியை அறிய ஆவல்.

"ஆடு நிலநடுக்கத்தை முன்னாடியே சொல்லுதுன்னு ஒருத்தன் உளறுறான், அதைச் சோதிக்க நிலநடுக்க நிலையத் தலைவனே போறதா? நீ போனாலே அவனுக்கு மரியாதை குடுத்த மாதிரிடா" என்று திட்டினீர்களே. நீங்கள் இயற்பியல் ஆசிரியை, சொல்லலாம். ஆனால் சிரிப்பது சோதனை ஆகாது, அக்கா. ஊரே கேலி செய்கிற அந்த மேய்ப்பர் குபாத் அண்ணன் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "நம்ப வேணாம் தம்பி. பொய்யின்னா பார்த்துட்டுச் சொல்லு, பாக்காம சொல்லாதே."

அதனால் நாற்பது நாள் கெடு. முதல் நாளே அந்தக் கறுப்பாட்டின் அடையாளத்தைக் குறித்துக்கொண்டேன்: இடது காதில் முக்கோண வெட்டு. அது பட்டிக்குள் நுழைய அடம்பிடிக்கும் நாளை அவர் மனைவி எழுதி உறையில் போட்டு ஒட்டிவைப்பார். கருவி காட்டும் அதிர்வை நான் தனியே எழுதுவேன். பிரித்துப் பார்த்தால் அடம் பதினொரு நாள், அதில் அதிர்வு ஆறு நாள். நம் மலை மாதத்தில் பாதி நாள் ஆடிக்கொண்டுதானே இருக்கிறது! இன்னும் நாற்பது நாள் பார்க்க வேண்டும் என்று சொல்ல நேரில் போனேன், அதுதான் தப்பாப் போச்சு. விருந்தாளி வந்துட்டான்னு ஒரு ஆட்டை அறுத்துட்டாங்க. வெந்த தலையை மரியாதையா என் முன்னால வெச்சாங்க. வழக்கப்படி முதல்ல காதை அறுக்கக் கத்தியை எடுத்தா, இடது காதுல முக்கோண வெட்டு! "அண்ணே, இது..." "சாப்பிடு தம்பி. சிரிக்காம வந்த ஒரே ஆளு நீ. உனக்குப் போய் மட்டமான ஆட்டையா அறுப்பேன்?" எனக்கு அழுகையே வந்துடுச்சு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? ஆதாரத்தையே தின்ன விஞ்ஞானி உங்க தம்பிதான். ருசியாத்தான் இருந்துச்சு. "தவிர்க்க முடியாத காரணத்தால் சோதனை நின்றது" என்று அறிக்கை எழுதிவிட்டேன். ஊர் மறுபடி அவரைப் பார்த்துச் சிரிக்குமே என்பதுதான் வருத்தம்.

அத்தானுக்கு சலாம். உங்கள் வீட்டில் விருந்தும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

தம்பி எசென்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது குபாத் அண்ணன் போன் செய்தார். அந்த வெட்டு அவர்கள் குடும்ப அடையாளமாம். அறுபது ஆட்டுக்கும் அதே காதுதானாம். "கறுப்பாட்டைப் போய் அறுப்பேனா? பைத்தியமா உனக்கு? இப்போ பட்டிக்குள்ள போகவே மாட்டேங்குது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." பதினொன்றில் ஆறு என்பது தற்செயல்தான், அக்கா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்று நல்லாயிருக்குன்னு சொல்லி குல்பாராவையும் வெளியே கூட்டிவந்துட்டேன். பனி கொட்டுது. அவ நம்ப மாட்டேங்கிறா.