படலாம் கிராணியும் பற்றி எரிந்த புகைக் கொட்டகையும்

ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அந்தக் காலத்தில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஆபீஸ் பெரிய கிராணிக்கு, அதாவது தலைமைக் குமாஸ்தாவுக்கு, ஈடாக ஒருவரும் பிறக்கவில்லை. பிறக்காததே நல்லது.

தோட்டமே அவரைப் 'படலாம் கிராணி' என்றுதான் சொல்லும். வெள்ளைக்காரத் துரைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி எழுதி, 'மே பி கிவன்', 'மஸ்ட் பி டன்' என்கிற 'படலாம்', 'பட வேண்டும்' பாணி மனிதருக்கு ரத்தத்திலேயே ஊறிவிட்டது. எதையும் இன்னார் செய்தார் என்று சொல்ல வாய் வராது. ஆபீஸ் சாவியைத் தாமே தொலைத்துவிட்டு, 'சாவி கண்டுபிடிக்கப்பட முடியவில்லை' என்று துரைக்கு எழுதிய மகானுபாவர்! சரியான பயந்தாங்கொள்ளி என்றே நினைத்தேன்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஒருநாள் அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தேன். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றப்படலாம்" என்றார், கூரையைப் பார்த்து.

"யாரு ஊத்தணுமாம், கூரையா?" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி கத்தினார். "சட்டி பக்கத்துலதான இருக்கு, எடுத்து ஊத்திக்குங்க!"

தமிழில் நோட்டீஸ் ஒட்டினாலும் அப்படித்தான். 'கிணறு சுத்தம் செய்யப்பட வேண்டும்' என்று ஒட்டுவார். யார் செய்வது என்று இருக்காது. ஒரு மாதமானாலும் கிணற்றில் தவளை குடும்பம் நடத்தும். கேட்டால், "என் பேரு அதுல இல்லீங்களே" என்பார் கங்காணி.

ஒருநாள், ரப்பரைப் புகை போட்டு உலர்த்தும் இடத்தில், 'புகைக் கொட்டகை அடுப்பு கவனிக்கப்பட வேண்டும்' என்று ஒட்டினார். வாய்வார்த்தையாக மட்டும் என்னிடம், "தம்பி, மத்தியானம் அடுப்புக்காரன் சாப்பிடப் போறப்ப நீ பாத்துக்க" என்றார். நான் சின்னக் கிராணி. அடுப்பையா பார்த்தேன்? தோட்டத்துக் கடையில் உட்கார்ந்து, "டீ ஆற்றப்படலாம்!" என்று அவரைப் போலவே பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். கடையே குலுங்கிச் சிரித்தது. அதற்குள் கொட்டகை பற்றிக்கொண்டது. காயப்போட்ட ரப்பர் அத்தனையும் கரியாகிவிட்டது.

துரை குதித்துக்கொண்டு வந்தான். "அடுப்பு யார் பாக்கணும்? பேர் சொல்!"

"அடுப்பு கவனிக்கப்பட்டிருக்க வேண்டும், துரை."

"யார், மேன்?"

"சொல்லப்பட முடியாது, துரை."

பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன். வேலை போனால் அன்றைக்கே தோட்டம் கொடுத்த வீடும் போகும். நோயாளி அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் அழைத்துக்கொண்டு எங்கே போவேன்? அடப்பாவி நான், வாயே திறக்கவில்லை.

"பேர் இல்லே? அப்ப நீ போ!" என்றான் துரை.

"சரிங்க துரை" என்றார் படலாம் கிராணி.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஓடினேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். "ஏன் ஐயா என் பேரைச் சொல்லல?"

"எழுதி எழுதிப் பழக்கமாயிடுச்சு தம்பி. பேரு வாயில வர மாட்டேங்குது."

"பொய்யி!" என்றார் மனைவி. "மூணு பொம்பளைங்கள வச்சுக்கிட்டு அந்தப் புள்ள எங்க போவான்னு மத்தியானத்துலேருந்து இதே புலம்பல்."

"இதெல்லாம் பேசப்படக் கூடாது" என்று எரிந்து விழுந்தார்.

பெட்டியை ஸ்டேஷன் வரை நான்தான் சுமந்தேன். வழியெல்லாம் என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது என்று திட்டிக்கொண்டே வந்தார். ரயில் நகர்ந்த பிறகுதான் "ஐயா!" என்று முதல்முறையாக மனசாரக் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.