ஆறு எண்ணும் அண்ணனும்

கசார்வாடி, புனே
ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். தம்பி சவரிமுத்து எழுதுவது. நானும் டோரீனும் நலம். நீங்களும் மதினியும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் நலத்துக்கு என்றைக்கு என்ன குறை வந்தது?

உங்கள் மகன் ராஜா பேசினான். "சித்தப்பா, விவசாய உதவிப் பணத்துக்கு இனிமே என் நம்பரையே குடுத்துருதோம். ஒங்களுக்குத் தொந்தரவு இல்ல" என்றான். மிக்க மகிழ்ச்சி. தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கும் விடுதலை.

அப்பாவின் நிலத்தில் பங்கு வேண்டாமென்று நான் கையெழுத்துப் போட்ட அன்று, பதிவு அலுவலக வாசலில் எனக்கொரு காப்பி வாங்கித் தர உங்களுக்குத் தோன்றவில்லை. அதற்கும் முன்னால், புனேயிலிருந்து புறப்பட்ட என் ரயில் ஆந்திராவில் குண்டக்கல் தாண்டுவதற்குள் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, "வெயிலுக்குத் தாங்காதுல்லா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தக் கையெழுத்தோடு நமக்குப் பேச்சு நின்றது. ஆனால் அது அரசாங்கத்துக்குத் தெரியாதே! உங்களிடம் போன் இல்லாத நாளில் என் எண்ணைக் கொடுத்து உதவித்தொகைக்குப் பதிந்தீர்கள். அதனால் ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் ஓ.டி.பி. என்ற ஆறு எண் எனக்கு வரும், இ-சேவை மையத்திலிருந்து நீங்கள் கூப்பிடுவீர்கள், நான் ஒப்பிப்பேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். டோரீன் இங்கே புனே கேம்ப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு நீங்கள் வெறும் பெரியத்தான் இல்லை. "அரே, ஒங்க ஓ.டி.பி. அண்ணன் லைன்ல இருக்காரு, ஜல்தி!" என்பாள். ஒருமுறை கோயிலில் பிரசங்க நேரம். தூணுக்குப் பின்னால் ஒதுங்கி மெல்லத்தான் சொன்னேன். நீங்கள், "காது கேக்கல, சத்தமாச் சொல்லுலே!" என்றீர்கள். சாமியார், "ஆண்டவர் தந்த கட்டளைகள் எத்தனை?" என்று கேட்ட அதே நொடியில் நான், "ஒன்பது! ஒன்பது!" என்று கத்தினேன். "எதை எடுத்துட்டீங்க, சவரிமுத்து?" என்றார் சாமியார். பிறர் உடைமையை விரும்பாதே என்ற பத்தாவதை எங்கள் அண்ணன் எடுத்துவிட்டார் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

போன தடவை எண்களைச் சொல்லி முடித்த பிறகும் நீங்கள் போனை வைக்கவில்லை. "பெரியவரே, அடுத்த ஆளு நிக்காவ" என்று மையத்துப் பெண் விரட்டுவதுகூடக் கேட்டது. இருமினீர்கள். பிறகு, "சாப்ட்டியாலே?" என்றீர்கள். என் வாய் நிறைய போஹா, இந்த ஊர் அவல் உப்புமா. "ம்" என்றேன். வைத்துவிட்டீர்கள். போஹா அன்றே இறங்கிவிட்டது. அந்த "ம்" இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

உங்களுக்கென்று போன் வந்து வெகுகாலம் ஆகியும் ஏன் என் எண்ணையே வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. நீங்களும் சொன்னதில்லை. இனி கேட்க வேண்டியதும் இல்லை.

மதினிக்கு வணக்கம். ராஜாவுக்கு ஆசி. ஆண்டவர் உங்கள் வயலுக்கு மழையையும் உங்கள் நெஞ்சுக்குக் கொஞ்சம் ஈரத்தையும் அருள்வாராக.

இப்படிக்கு,
தொந்தரவு நீங்கிய தம்பி,
சவரிமுத்து

பி.கு.: எண்ணை மாற்றுவதற்கும் ஓ.டி.பி. எனக்குத்தான் வருகிறது. ராஜா கேட்டுக்கொண்டே இருக்கிறான். காலாவதியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவனிடம் சொல்ல மாட்டேன். நீங்கள் கூப்பிடுங்கள். கூப்பிட்டாலும் உடனே சொல்ல மாட்டேன். முதலில், சாப்பிட்டேனா என்று கேளுங்கள்.