ஊதிக் காயவைத்த சேறு

நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தின் வாசலில் கூட்டம் அலைமோதியது. இத்தனை காலம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய ஜனம், இப்போது முண்டியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. காரணம், ஊதல் சாமியார். தொட்டி தொட்டியாகக் கிடந்த சாக்கடைச் சேற்றை அவர் வாயால் ஊதியே காயவைக்கிறாராம்! ஈரத்துணியோடு ஒருவர், ஒழுகுகிற குழாயோடு இன்னொருவர், மூக்கொழுகும் பிள்ளையோடு ஓர் அம்மாள். எல்லோருக்கும் ஓர் ஊது. ஊதுக்கு ஒரு காணிக்கை.

நகராட்சித் தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சேற்றைக் கிளறும் டிராக்டரை நிறுத்தியாயிற்று, டீசல் மிச்சம். "கிளறினா சக்தி கலைஞ்சிடும்" என்பது சாமியாரின் கண்டிப்பான உத்தரவு.

தொட்டிச் சுவரை ஒட்டிக் குடியிருந்த தையற்காரிக்கு மட்டும் பக்தி வரவில்லை; சேறுதான் வந்தது. காயாத தொட்டிகளின்மேல் புதுச் சேறு வந்து விழ, அது தளும்பி அவள் சமையலறைக்குள் கசிந்தது. தையல் இயந்திரத்தைக் கட்டில்மேல் ஏற்றியிருந்தாள். இன்னும் ஒரு சாண் ஏறினால் வீட்டைக் காலிசெய்ய வேண்டியதுதான்.

நிலையத்தின் பொறியாளர் அவளுடைய சொந்தத் தம்பி. கூட்டத்தில் அவனைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்டா, மேல ஏடு கட்டினா காஞ்சதா அர்த்தமா? பாலுந்தான் ஏடு கட்டுது!"

"மெதுவா பேசுக்கா. எனக்குத் தெரியாதா? வெயில்ல மேல பொருக்கு கட்டும். உடைச்சுக் கிளறினாத்தான் அடியில காயும். தலைவரே நம்புறாரு, நான் என்ன பண்ண?"

"உன் வாயை அவர்கிட்ட அடகு வெச்சிட்டே. என் வாய் என்கிட்டதான் இருக்கு."

நேராகச் சாமியாரிடம் போனாள். "சாமி, காஞ்ச இடத்துல நாலடி நடந்து காட்டுங்களேன்."

"என் பாதம் பட்டா பூமி தாங்காது, தாயே."

"செங்கல்லைத் தாங்குமா, பார்ப்போம்." வீசினாள். பொளக்! செங்கல்லைக் காணோம்.

"கல்லுக்குப் பக்தி இல்லை!" என்று கர்ஜித்தார் சாமியார்.

"உங்களுக்கு இருக்குல்ல? இறங்குங்க."

இங்கேதான் பக்தர்கள் காரியத்தைக் கெடுத்தார்கள். "எங்க சாமி நடப்பாரு!" என்று முழங்கி, அவர் திமிறத் திமிற நாற்காலியோடு தூக்கித் தொட்டிக்குள் இறக்கினார்கள். நாற்காலி மெல்ல மறைந்தது. சாமியார் இடுப்பளவுச் சேற்றில் நின்றார்.

"கயிறு போடுங்கடா! வெயில் காயவெச்சதுடா அது! அடியில எல்லாம் கூழுடா, பாவிகளா!"

"ஒரு ஊது ஊதிக்குங்க சாமி," என்றாள் தையற்காரி.

தலைவரே ஓடிப்போய் டிராக்டரைக் கிளப்பினார். கயிற்றைக் கட்டிக் குறுக்காக இழுத்ததில் தொட்டி ஒரு பக்கம் அருமையாகக் கிளறப்பட்டது. நிலையத்துக்குச் சாமியார் செய்த ஒரே வேலை அதுதான். மீதியை டிராக்டர் பார்த்துக்கொண்டது. சில நாளில் தையற்காரியின் சமையலறையிலிருந்து சேறு வடிந்துபோனது.

அன்று கரையேறிய சாமியாரைக் குழாயடியில் நிறுத்திக் கழுவினார்கள். வழிந்த தண்ணீரைப் புட்டியில் பிடிக்க, அங்கேயும் ஒரு வரிசை!

மகாஜனங்களே, வரிசையில் நிற்குமுன் செருப்பைக் கழற்றுங்கள், தப்பில்லை. தலையையும் சேர்த்தா கழற்றி வைப்பது?