பேராலயத்தின் பின்சுவர்

மொந்தெல்வா, மேல்பேட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை எர்சிலியாவுக்கு,

அண்ணன் தார்சீசியோ எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக மற்ற எல்லா உறுப்புகளும் சுகம். உன் சுகத்தையும் உன் வீட்டுக்காரர் நேவியோவின் சுகத்தையும் விசாரிக்கிறேன். அவரை மரியாதைக்காகத்தான் விசாரிக்கிறேன் என்பது அவருக்கே தெரியும். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான்கு தெருதான் என்றாலும் வழக்கம்போலத் தபாலில்தான் எழுதுகிறேன். கழுதைப் பந்தயத்தில் நம் மேல்பேட்டையைத் தோற்கடித்தவரையே தேடிப்பிடித்துக் கட்டிக்கொண்டு நீ கீழ்ப்பேட்டைக்குப் போனாயே, அன்றைக்கு நீரூற்றுப் பக்கத்து எல்லைக்கல்லை இனித் தாண்டமாட்டேன் என்றேன். முப்பத்தொரு வருடமாகத் தாண்டவில்லை. சொன்ன சொல்லில் நின்றவன் என்று இந்த ஊரில் யாரையாவது காட்டச் சொன்னால் என்னைத்தான் காட்டுவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜினேவ்ராவின் வருங்கால மாமனாரும் மாமியாரும் மிலானிலிருந்து ஊர் பார்க்க வந்தார்கள். கல்யாணம் மிலானிலா, நம் ஊரிலா என்று அன்று மாலைக்குள் சொல்வதாகப் பேச்சு. நம் பேராலயத்தில்தான் கல்யாணம் என்பது என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. மணிக்கூண்டுக் கடிகாரத்துக்கு நாற்பது வருடம் சாவி கொடுத்தவன் நான், ஊரைக் காட்ட என்னைவிடத் தகுந்த ஆள் யார்? ஒன்பது மணிக்கே இருநூற்றுப் பதினான்கு படிகளில் ஏற்றிவிட்டேன். சம்பந்தி குவால்தியேரோ நூறாவது படியிலேயே உட்கார்ந்துகொண்டு, தன்னை விட்டுவிட்டுப் போகும்படி கையைக் காட்டினார். சம்பந்தியம்மா லொரெதானா மட்டும் மேலே வந்தார். அவருக்கு ஒவ்வொரு பல்சக்கரத்தையும் தனித்தனியாக அறிமுகப்படுத்தினேன். அங்கிருந்து நேராகப் பேராலயம். அதன் முகப்பு கீழ்ப்பேட்டைச் சதுக்கத்தைப் பார்த்து நிற்கிறது என்பது யார் செய்த பாவமோ, நான் பின்சுவரைத்தான் காட்டினேன். எப்பேர்ப்பட்ட சுவர்! கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு நகம் நுழையுமா?

"சம்பந்தி, முகப்புல தங்கச் சில்லு பதிச்ச மொசைக் சித்திரம் இருக்கறதா புத்தகத்துல போட்டிருக்கே?" என்றார் அந்த அம்மாள்.

"புத்தகம் எழுதினவன் கீழ்ப்பேட்டைக்காரனா இருப்பான். நீங்க சுவரைப் பாருங்க."

"இருபது நிமிஷமா அதைத்தானே பாக்கறேன்!"

பிறகு அவருக்குக் காப்பி வேண்டியிருந்தது. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் மூன்று எட்டில் ஒரு காப்பிக்கடை இருக்கிறது. ஆனாலும் நம் பக்கத்துக் காப்பி மாதிரி வருமா என்று சொல்லி மேட்டின் உச்சிக்கு எல்லோரையும் நடத்திக் கூட்டிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை மூடியிருந்தது. திரும்பி இறங்கி நீரூற்றுக்கு வந்து பார்த்தால் சம்பந்தியம்மாவைக் காணோம்! நான் எல்லைக்கல்லின் மேல் ஏறி நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கீழ்ப்பேட்டைச் சனம் முழுவதும் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

"தார்சீசியோ அண்ணே, இந்தப் பக்கத்துத் தரை ஒண்ணும் கடிக்காது, இறங்கி வாங்க!" என்றாள் வாய்த்துடுக்குள்ள அந்தக் காப்பிக்கடைக்காரி.

"என் பெண்டாட்டியத் தொலைச்சுட்டுக் கல்லு மேல நின்னு கத்தறீங்களே, போய்த் தேடுங்க ஐயா!" என்று குவால்தியேரோ என் கோட்டைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. ஒன்றரை மணிநேரம் அசையாமல் நின்றேன். இந்த முழங்கால் வலி அதனால் வந்ததுதான்.

சம்பந்தியம்மா சாவகாசமாக வந்தார். கையில் ஒரு ஜாடி அத்திப்பழ ஜாம். ஜாடியைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. நம் அம்மா மூடிக்குத் துணி கட்டுகிற அதே கட்டு; உன்னைத் தவிர வேறு யாருக்கு அது வரும்?

"ஒரு அம்மா வாசல்ல உக்காந்து பட்டாணி உரிச்சுக்கிட்டிருந்தாங்க. எனக்குக் காப்பி குடுத்தாங்க, நானும் கூட உக்காந்து உரிச்சேன். பேராலயத்துக்கும் கூட்டிட்டுப் போனாங்க, முன்வாசல் வழியா. நாலு தெரு தள்ளி ஒரு அண்ணன் இருக்காராம். மூக்கு அப்படியே உங்க மூக்கு, சம்பந்தி."

அவரே முடிவையும் சொன்னார்: "கல்யாணம் இங்கதான். ஆனா என் மருமக முன்வாசல் வழியா வரணும். அந்த அம்மா முதல் பெஞ்சுல உக்காரணும். இல்லேன்னா மிலான்தான்."

மேல்பேட்டைக்காரர்கள் காலங்காலமாகப் பக்கவாசல் வழியாகத்தான் போகிறோம் என்பது உனக்குத் தெரியாததா? முன்வாசல் என்றால் கீழ்ப்பேட்டைச் சதுக்கத்தை முழுதாகக் கடக்கவேண்டும். நான் யோசிப்பதைப் பார்த்து ஜினேவ்ரா சொன்னாள்: "அப்பா, நீங்க கல்லு வரைக்கும் வாங்க, போதும். அதுக்கப்புறம் நான் தனியாப் போய்க்கறேன்." கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் இரண்டு நாளாகக் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஆனாலும் நான் நான்தான். என் முடிவு இது: மகளைக் கல் வரை நான் கூட்டிவருகிறேன்; அங்கிருந்து நீ கையைப் பிடித்துக் கூட்டிப்போ. உனக்கு முதல் பெஞ்ச், நேவியோவுக்கு இரண்டாவது. கழுதைப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. நான் கல்லருகே நின்று மணியோசை கேட்டுக்கொள்வேன். அந்த மணியும் நான் எண்ணெய் போட்ட மணிதான். இதில் எள்ளளவும் மாற்றமில்லை.

நம் ஊர்ப் புனிதர் உன் குடும்பத்தைக் காக்கட்டும். உன் அத்தி மரத்தையும்.

என்றும் சொல் மாறாத அண்ணன்,
தார்சீசியோ

பின்குறிப்பு: தபால்காரர்கள் இன்று வேலைநிறுத்தமாம். நாளை சம்பந்திக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் நானே கொண்டுவந்து உன் கதவுக்கு அடியில் செருகுகிறேன். கல்லைத் தாண்டியபோது காப்பிக்கடைக்காரி கைதட்டினாள். நான் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். வழியில் அந்த மொசைக்கையும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, சம்பந்தியம்மாவிடம் சொல்லித் தொலைக்காதே. மகளோடு சதுக்கத்தைக் கடக்க எத்தனை எட்டு என்றும் எண்ணிவிட்டேன், தொண்ணூற்றாறு. வாசலில்தான் நிற்கிறேன். மச்சானையும் கூப்பிடு. முழங்கால் வலிக்கிறது, சீக்கிரம் கதவைத் திற.