உருளவும் ஒரு முறை உண்டு

தீவை விட்டு வந்த எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் அதில் ஒரு பண்பாட்டுக் காவலர் இருப்பார். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, ஓய்வு அறவே கிடையாது. கல்யாண வீடோ சாவு வீடோ, நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அவர் குரல் வரும்: "அப்படி இல்ல!" எது அப்படி இல்லை என்பது பிறகுதான் தெரியும். சில சமயம் அவருக்கே பிறகுதான் தெரியும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மாங்கெரே பக்கத்துச் சமோவாக்காரர்களுக்குள் இந்த இனத்தின் முழுசாக வளர்ந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமா? பெனியமினா என்கிற மனிதரைப் பாருங்கள். பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஆள் இரண்டு கதவு அகலம். சேப்பங்கிழங்கை யார் வெட்டினாலும் அவருக்கு வெட்டு கோணல். தேங்காய்ப்பால் டின்னிலிருந்து வந்திருந்தால் அடுத்த தெருவிலேயே அவர் மூக்கு சுருங்கும் (அவர் வீட்டு அலமாரியில் அதே டின் கூரை வரை அடுக்கியிருப்பது வேறு விஷயம்). பாயில் உட்கார்ந்தவன் காலை ஒரு விரல் நீட்டினால் போதும், அது பாய்க்கும் அவமானம், பாய் முடைந்தவளுக்கும் அவமானம், பாய் வந்த கப்பலுக்கும் அவமானம். பெரியவர்களுக்கு முன்னால் குனிந்து போகிறீர்களா? போதாது, இன்னும் குனியணும். இன்னும் குனிந்தால், "என்னத்தடா தேடுற?"

"நம்ம சவாயீ தீவுல..." என்று சொந்த ஊர்க் கதையை அவர் ஆரம்பித்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தங்கை, தங்கைக்கு ஒரு மகள், லங்கிமைனா. அவளுடைய இருபத்தோராவது பிறந்தநாள் விருந்து, தேவாலயத்துக் கூடத்தில். விருந்தின் கடைசி ஆட்டம் வீட்டுப் பெண்ணுடையது. தலையில் இறகும் கிளிஞ்சலும் வைத்த கனமான கிரீடத்தோடு அவள் மெல்ல ஆடுவாள். சுற்றி நின்று சொந்தக்காரர்கள் கூவ வேண்டும், குதிக்க வேண்டும், தரையில் விழுந்து உருள வேண்டும். அவர்கள் எவ்வளவுக்கு எவ்வளவு கோமாளியாகிறார்களோ அவ்வளவுக்கு அவ்வளவு அவள் ராணி. கோமாளி இல்லாத ராணி, கிரீடம் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற பெண். அவ்வளவுதான்.

ஆனால் யார் உருள்வது? போன கல்யாணத்தில் ஒருவன் உருண்டான். "அப்படி இல்ல! அது சோம்பேறி உருளல்!" என்றார் பெனியமினா. ஒருத்தி கூவினாள். "இது என்ன ரக்பி மைதானமா?" ஒரு கிழவர் குதித்தார். குதிகால் முதலில் பட்டதாம். பாவம், அவர் அதற்கப்புறம் விருந்துக்கே வரவில்லை.

அதனால் லங்கிமைனா நடுவில் வந்து நின்று, பாட்டும் தொடங்கியபோது, கூடம் முழுக்க அவரவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு கூவல் இல்லை. ஒரு கொட்டாவிகூட இல்லை. கொட்டாவிக்கும் முறை இருக்குமோ என்று பயம்.

பெண் ஆடினாள். ஆடினாள் என்றால், கை ஒரு பக்கம் போனது, கண் மாமா வாயைப் பார்த்தது. அந்த 'அப்படி இல்ல' எப்போது வருமோ? கிரீடத்தின் இறகு நடுங்கியது.

விருந்துக்காகவே சவாயீயிலிருந்து வந்திருந்த பெனியமினாவின் அண்ணன் அசோமுவாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா இது, சாவு வீடா? ஒருத்தனும் குதிக்கக் காணோம்?"

"யாரு குதிப்பா பெரிய அத்தான்?" என்றாள் பெனியமினாவின் மனைவி ஃபுவாடினோ. "குதிச்சா உங்க தம்பி பாடம் எடுப்பாரு. அப்புறம் பரீட்சையும் வைப்பாரு."

"அப்ப வாத்தியாரே குதிக்கட்டும். டேய், எந்திரி!"

"அண்ணே, எனக்கு முழங்கால்..."

"அப்படி இல்ல! தாய்மாமன் உக்காந்திருக்க, பொண்ணு தனியா ஆடுமா? நம்ம ஊர்ல அப்படி இல்ல!"

"நம்ம ஊரு எனக்குத் தெரியாதாண்ணே?"

"நாலு வயசுல ப்ளேன் ஏறினவன் நீ. உனக்குத் தெரிஞ்ச ஊரு அம்மா இடுப்பு!"

கூடம் சிரிப்பை அடக்க முடியாமல் கன்னத்தைக் கடித்தது. பெனியமினாவின் முகம் வெந்த நண்டானது. பதில் சொல்ல வாயைத் திறந்தவர், அப்போதுதான் லங்கிமைனாவைப் பார்த்தார். பெண் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பதை முதல்முறையாகப் பார்த்தார். அவள் உதடு கோணிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு தாளம் போனால் கிரீடத்தைக் கழற்றிவிட்டு ஓடிவிடுவாள்.

திறந்த வாயிலிருந்து வந்தது வேறு, தீவுக்காரர்களின் கொண்டாட்டக் கூவல்.

"சீ... ஹூ!"

ஓடினார். குதித்தார். விழுந்தார். பக்கத்து விமான நிலையத்தில், 'சொல்லாமல் ஏதோ இறங்கிவிட்டது' என்று விளக்கைப் போட்டுப் பார்த்தார்களாம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டார். வழியில், இடுப்பில் வேட்டிபோல் சுற்றியிருந்த லாவலாவாவின் முடிச்சு அவிழ்ந்து, உள்ளே போட்டிருந்த செம்பருத்திப்பூ டிரவுசர் ஊரறிய மலர்ந்தது. அதற்கு மேல் யார் உட்கார்ந்திருப்பார்கள்? கூடமே எழுந்து குதித்தது. குதிகாலால் குதித்தார்கள், முட்டியால் குதித்தார்கள், கேட்க ஆளில்லை.

லங்கிமைனாவின் தாடை நிமிர்ந்தது. சிரித்தபடி, கீழே கிடந்த மாமாவை ஒரு கிழங்கு மூட்டையாக மட்டுமே மதித்து, அவரைச் சுற்றிச் சுற்றி ஆடினாள். இறகு ஆடியது. நடுங்கவில்லை.

"இப்பதான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார் அசோமுவா.

காவலர் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? ஒரு வாரம் முதுகில் பிளாஸ்திரியோடு படுத்திருந்தார், அந்த ஒரு வாரம்தான். அடுத்த கல்யாணத்தில் ஒரு பையன் உருண்டதும் கேட்டது: "அப்படி இல்ல! முதல்ல இடது தோள், அப்புறம் இடுப்பு, இங்க பாரு!" சொன்னதோடு விடவில்லை, தானே உருண்டும் காட்டினார். இப்போதெல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் வேண்டுமென்றே தப்பாக உருள்கிறார்கள்.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், சந்தோஷம். ஆனால் நடுவில் எங்கேயோ, 'அந்த ஆட்டம் அப்படி இல்லையே' என்று உதடு அசைந்ததே, கவனித்தீர்களா? வெட்கப்படாதீர்கள். இடுப்பில் முடிச்சை மட்டும் இறுக்கிக்கொண்டு எழுந்து வாருங்கள். தரை காலியாகத்தான் இருக்கிறது.